கொப்பியில் இருக்கும் கடன்



எங்கள் வட்டாரத்தில் இரண்டு வருடத்துக்குள் மூன்று சில்லறைக் கடைகள் மூடிவிட்டன. ஒன்று சலூன் ஆகிவிட்டது. இன்னொன்றில் ஃபோன் திருத்துகிறார்கள். மூன்றாவது இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. ஏன் மூடினார்கள் என்று கேட்டால் ஊரில் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "டவுனில சூப்பர் மார்க்கட் வந்திட்டு. இனி இவங்க எப்படி சேர் தாக்குப்பிடிக்கிற?"

கேட்பதற்கு நியாயமான பதில். நம்மில் யாருக்கும் அதில் பங்கில்லை என்பதால் சொல்வதற்கும் சுகமான பதில். ஆனால் மூடிய மூவரில் இருவரோடு நான் இருந்து பேசியிருக்கிறேன். இருவரும் சூப்பர் மார்க்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருவரும் சொன்னது கொப்பியைப் பற்றி.

எந்தக் கொப்பி என்று இந்த ஊர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை. மேசை லாச்சிக்குள் கிடக்கும் தடித்த சி.ஆர். கொப்பி. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் பெயர் இருக்காது, "வளவு ராத்தா", "மேசன் தம்பி", "ஸ்கூல் சேர்" என்று அடையாளம்தான் இருக்கும். கீழே சீனி, பருப்பு, மா, தேங்காய் எண்ணெய். அந்தக் கொப்பியில்தான் நம் ஊரின் பாதி அடுப்பு எரிந்திருக்கிறது.

கடைக்காரரின் நாள் எப்படிப் போகிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சுபஹ் தொழுதுவிட்டு வந்து கதவைத் திறப்பார். பாண் வந்து இறங்கும். இரவு இஷா முடிந்து பத்து மணிக்கும் வெளிச்சம் எரியும். ஜும்ஆவுக்கு மட்டும் கதவு சாத்தும். பெருநாள் காலையில்கூட பின்கதவைத் தட்டி வட்டிலப்பத்துக்கு ஏலக்காய் கேட்கிறவர்கள் நாங்கள். கடையை விட்டு அவர் ஒரு கலியாண வீட்டில் முழு நாள் இருந்து நான் பார்த்ததில்லை.

கடையை அவர் ஒருவர்தான் நடத்துகிறார் என்றும் நினைக்க வேண்டாம். கடைக்குப் பின்னால்தான் வீடு. கொச்சிக்காய்த்தூளையும் மஞ்சளையும் ஐம்பது கிராம், நூறு கிராமாக நிறுத்து, மெழுகுதிரி நெருப்பில் உறையின் வாயை ஒட்டுவது மனைவி. அவருக்குச் சம்பளம் கிடையாது. அவர் கடை நடத்துகிறார் என்று யாரும் சொல்வதும் கிடையாது. பின்னேரத்தில் மேசையில் இருப்பது பிள்ளை. கடைக்காரரின் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். மனக்கணக்கில் அவர்களை அடிக்க ஆளில்லை. முதலாம் பாடத்தில் கொட்டாவி விடுவதிலும்தான்.

இனி கணக்குக்கு வருவோம்.

கம்பனி ரெப் வந்து சாமான் போட்டால் முன்பு ஒரு கிழமை, சில இடத்தில் இரண்டு கிழமை தவணை கொடுப்பார்கள். கடைக்காரர் செக் எழுதிக் கொடுப்பார். அந்தத் திகதியில் பேங்கில் காசு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செக் திரும்பும், அதற்கும் தண்டம், அடுத்த முறை சாமானும் இல்லை. இந்தப் பக்கம் நாங்கள் எடுக்கும் தவணை எத்தனை? சம்பளக்காரர் ஒரு மாதம். வயல் செய்பவர் வெள்ளாமை வெட்டும் வரை. பெரும்போகம் என்றால் மாசி, பங்குனி. சிறுபோகம் என்றால் ஆவணி, புரட்டாதி. கடலுக்குப் போகிறவர் வாடைக் காற்று அடங்கும் வரை. கணவன் கட்டாரில் இருக்கும் வீட்டில் காசு வரும் வரை. ஆக, ஏழு நாள் கடனில் எடுத்த சாமானை மூன்று மாதக் கடனில் கொடுக்கிற மனிதன் அவர். நடுவில் உள்ள இடைவெளியை அவரது கைக்காசுதான் நிரப்புகிறது. ஒரு பேச்சுக்கு, முப்பது வீடு, வீட்டுக்கு 25,000 ரூபாய் என்று வையுங்கள். ஏழரை இலட்சம் ரூபாய். அது அவரது பெட்டியில் இல்லை, நம் வீடுகளில் இருக்கிறது.

இதற்குள்தான் 2022 வந்தது. அதை நாங்கள் பெற்றோல் வரிசையாகவும் கேஸ் வரிசையாகவும் ஞாபகம் வைத்திருக்கிறோம். கடைக்காரருக்கு அது வேறு மாதிரி நடந்தது. பால்மாவை எடுங்கள். 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 400 கிராம் பக்கட் 380 ரூபாய். அந்த மாதமே 480. வருட முடிவில் 540. 2022 மார்ச்சில் 790. ஆறு மாதம்கூட ஆகவில்லை. 380 ரூபாய்க் காலத்தில் ஒருவர் பத்துப் பக்கட் கடனுக்கு எடுத்திருந்தால் கொப்பியில் 3,800 என்று இருக்கும். மார்ச்சில் அவர் வந்து, ஒரு ரூபாய் குறையாமல், நேர்மையாக 3,800 ரூபாயைக் கொடுக்கிறார். கடைக்காரர் அந்தக் காசைக் கொண்டு போனால் நாலு பக்கட்தான் வரும். ஐந்தாவதுக்குக் காசு காணாது. பத்துப் பக்கட் போன இடத்தில் நாலு. கடன் தீர்ந்துவிட்டது, கடையின் தட்டு பாதிக்கு மேல் வெறுமை. பால்மாவுக்கு நடந்ததுதான் சீனிக்கும் பருப்புக்கும் மாவுக்கும் நடந்தது. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அந்த எண்ணைச் செய்தியில் கேட்டோம். அது ஒரு கடைக்குள் எப்படி நுழையும் என்று யோசித்தோமா தெரியாது.

அதுவும் நேர்மையாகக் கொடுத்தவர் கணக்கு. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்தார்கள். அந்தப் பெரும்போகத்தில் எங்கள் பக்கத்து வயல்களில் வந்த விளைச்சல் எல்லோருக்கும் தெரியும். வெட்டியதும் தருவேன் என்றவர்கள் வெட்டினார்கள், கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அடுத்த போகத்தில் கொடுத்தவர்கள் பலர். ஆனால் அதற்குள் அந்தக் காசு பாதிக் காசாகிவிட்டது.

வங்கியாக இருந்தால் வட்டி போட்டு இந்த நட்டத்தை ஈடு செய்திருக்கும். நம் கடைக்காரர் வட்டி எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாது. ஆகவே விலை ஏறிய நட்டம் முழுதும் அவர் தலையில் விழுந்தது. வட்டி ஹராம் என்று மிம்பரில் கேட்டுவிட்டு வருகிற நாங்கள், வட்டியில்லாத கடனைத் தாமதப்படுத்தினால் அதன் விலையை யார் கொடுக்கிறார் என்று கேட்பதில்லை.

இப்போது ரெப்மார் தவணை கொடுப்பதைக் குறைத்துவிட்டார்கள். "காசு வெச்சாத்தான் சாமான் இறக்குவன்" என்கிறார்கள். கொப்பி மட்டும் பழைய கொப்பிதான்.

சூப்பர் மார்க்கட்டைப் பற்றி நான் பேசாமல் விடவில்லை. அங்கு போவது குற்றமுமில்லை. விலை ஒட்டியிருக்கிறது, திகதி பார்த்து எடுக்கலாம், குளிர் காற்று வேறு. என் கேள்வி வேறு. அங்கே எதை வாங்குகிறோம், இங்கே எதை வாங்குகிறோம்? சம்பளம் விழுந்த அன்று குடும்பத்தோடு போய் பிஸ்கட், சவர்க்காரம், ஷாம்பு, நூடில்ஸ், ஐஸ்கிரீம் எல்லாம் கார்ட்டில் வாங்குகிறோம். மாதம் பதினைந்து தாண்டியதும் சீனியும் மாவும் பருப்பும் வாங்க பிள்ளையைச் சந்திக் கடைக்கு அனுப்புகிறோம்: "கொப்பியில எழுதச் சொல்லு." சீனியிலும் மாவிலும் கடைக்காரருக்குக் கிடைப்பது சில ரூபாய்தான். ஆள் வருவதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார். அவருக்கு நாலு காசு நிற்பது பிஸ்கட்டிலும் சவர்க்காரத்திலும். இலாபம் உள்ள சாமானைக் கைக்காசுக்கு அங்கே வாங்கி, இலாபம் இல்லாத சாமானைக் கடனுக்கு இங்கே வாங்கினால், அந்தக் கடை எதில் நடக்கும்?

இதைச் செய்வது ஏழைகள் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே. மூடிய கடைக்காரர் ஒருவர் கொப்பியைப் புரட்டிக் காட்டினார். ஆட்களின் அடையாளத்தைக் கையால் மறைத்துக்கொண்டுதான் காட்டினார், அந்த மரியாதை அவரிடம் இருந்தது. "சேர், கூலிக்குப் போறவன்ட பக்கத்தப் பாருங்க. ஐநூறு, ஆயிரம் எண்டு குடுத்துக் குடுத்துக் குறைச்சிருக்கான். அஸ்வெசும விழுந்தா அண்டைக்கே வருவாங்க. இந்தப் பக்கத்தப் பாருங்க. இது மாதச் சம்பளக்காரர்." அந்தப் பக்கத்தில் ஒரு வருடமாக வரவே இல்லை. "கேக்க வெக்கமா இரிக்கி. கேட்டா, மறுகா தாறன் எண்டு சொல்லிப் போட்டு, அதோட இந்தப் பக்கமே வாறல்ல. சந்தியால சுத்திப் போறாங்க."

கேட்பதற்குக் கடன் கொடுத்தவர் வெட்கப்படுகிறார். நம் ஊரின் நிலை இது.

கடைக்காரர்கள் எல்லோரும் மலக்குகள் என்று நான் எழுத வரவில்லை. பால்மா தட்டுப்பாட்டில் தெரிந்தவருக்கு ஒரு பக்கட், தெரியாதவருக்கு "முடிஞ்சி" என்று சொன்ன கடைகள் இருந்தன. பிஸ்கட்டும் சேர்த்து வாங்கினால்தான் பால்மா என்றவர்களும் இருந்தார்கள். திகதி போன சாமானைத் தட்டின் முன்னால் தள்ளி வைக்கிறவரையும் தெரியும். 2021இல் நுகர்வோர் சட்டத்தைத் திருத்தி, கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்கும் தனி வியாபாரிக்குக் குறைந்தது ஒரு இலட்சம் ரூபாய் தண்டம் என்று ஆக்கியது சும்மா இல்லை. கொப்பியில் இரண்டு முறை எழுதிவிட்டார் என்ற சண்டையும் நம் ஊருக்குப் புதிதல்ல. அதற்கு மருந்து பிறகு சொல்கிறேன்.

ஆனாலும் அந்தக் கடை இல்லாத ஒழுங்கையில் இருந்து பாருங்கள். தனியாக இருக்கும் மூத்தம்மா நூறு ரூபாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்து இரண்டு வெங்காயம், கொஞ்சம் தேயிலை, மிச்சத்துக்கு நெத்தலி என்று வாங்கிக்கொண்டு போவார். எந்த சூப்பர் மார்க்கட் மிச்சத்துக்கு நெத்தலி கொடுக்கும்? டவுனுக்குப் போக ஆட்டோவுக்கு அவர் எவ்வளவு கொடுப்பது? 2020 ஊரடங்கில் எங்கள் வீடுகளுக்கு அரிசி எங்கிருந்து வந்தது என்பதையும் மறந்துவிட வேண்டாம். அப்போது யாரும் கார்ட் நீட்டவில்லை.

2004 சுனாமியில் கரையோரக் கடைகள் கொப்பியோடு போயின. இந்த நாட்டில் ஆகக் கூடுதலான உயிர்கள் போனது நம் அம்பாறை மாவட்டத்தில்தான். கடன் கொடுத்தவரும் போனார், வாங்கியவரும் போனார், எழுதியதும் போனது. பெரியவர்கள் சொல்வார்கள், முகாமில் இருந்துகொண்டே கடைக்காரரைத் தேடி வந்து "உங்களுக்கு நான் இவ்வளவு தர வேணும்" என்று சொன்னவர்கள் இருந்தார்களாம். கொப்பி இல்லை, சாட்சி இல்லை, சொல்லாவிட்டால் கேட்க யாருமில்லை. இன்று கொப்பி இருக்கிறது.

இன்னொன்று. 2019 ஏப்ரலுக்குப் பிறகு தெற்கில் நம் ஆட்களின் கடைகளில் வாங்க வேண்டாம் என்று பிரச்சாரம் நடந்தது. பலரின் வியாபாரம் அதோடு படுத்தது. நாங்கள் எவ்வளவு கொதித்தோம், எத்தனை பதிவு போட்டோம். இங்கே யாரும் பிரச்சாரம் செய்யவில்லை. நாங்களாகவே சந்தியால் சுற்றிப் போகிறோம். இதைச் சொல்வதால் இன, மதம் பார்த்து வாங்குங்கள் என்று சொல்கிறேன் என எடுக்க வேண்டாம். நான் பார்த்த அந்தக் கொப்பியில் பக்கத்துத் தமிழ்க் கிராமத்து ஆட்களின் பக்கங்களும் இருந்தன. வரவு ஒழுங்காக விழுந்த பக்கங்களில் அவையும் உண்டு.

மார்க்கத்தில் இதற்கு இடமில்லையா? குர்ஆனில் ஆக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதல்ல, நோன்பைப் பற்றியதல்ல. கடனை எழுதி வைப்பதைப் பற்றியது, அல்பகரா 282. அதற்கு இரண்டு வசனம் முன்னால், கஷ்டத்தில் இருப்பவருக்குத் தவணை கொடுக்கச் சொல்கிறது. அந்தத் தவணையை நாங்கள் நன்றாகப் பாடமாக்கி வைத்திருக்கிறோம். ஆனால் அது கஷ்டத்தில் இருப்பவருக்கு. வசதி உள்ளவர் இழுத்தடிப்பதை நபிகளார் அநியாயம் என்றுதான் சொன்னார்கள். கடனோடு மௌத்தானவரின் ஜனாஸாவை முன்னால் வைத்துக்கொண்டு தொழுவிக்காமல் நின்றார்கள், அபூ கதாதா அந்தக் கடனைப் பொறுப்பேற்கும் வரை. பயானில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்.

நம் ஊரிலும் ஜனாஸாத் தொழுகைக்கு முன் மகனோ மருமகனோ எழும்பி அறிவிப்பார்: மர்ஹூம் யாருக்காவது கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தால் எங்களைச் சந்தியுங்கள். அந்த ஸஃபில் கடைக்காரரும் நிற்பார். தொழுதுவிட்டுக் கபுறடிக்கும் வருவார், மண் போடுவார். ஆனால் அந்த வீட்டு வாசலுக்குக் கொப்பியோடு போன கடைக்காரர் எத்தனை பேர்? மௌத்து வீட்டில் போய்ச் சீனிக் காசு கேட்க எந்த மனிதனுக்கு மனம் வரும்? அறிவித்துவிட்டோம், யாரும் வரவில்லை, கடன் இல்லை என்று பிள்ளைகள் நிம்மதியாகிவிடுகிறார்கள். அறிவிப்பது போதாது. பிள்ளைகள் கடை கடையாகப் போய்க் கேட்க வேண்டும்.

இன்னும் ஒன்றைப் பாருங்கள். கடைக்காரர் ரமழானில் ஸகாத் கணக்குப் பார்க்கும்போது கடையில் உள்ள சாமானை மட்டும் எண்ணுவதில்லை. திரும்பி வரும் என்று நம்பிக்கை உள்ள கடனையும் சேர்க்க வேண்டும் என்றே உலமாக்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதாவது, நாங்கள் கொடுக்காமல் வைத்திருக்கும் காசுக்கும் அவர் இரண்டரை வீதம் ஸகாத் கொடுக்கிறார்.

ஸகாத் என்று வந்ததால் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் ஸகாத் குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தில் கடனாளியும் ஒருவர். உண்மையாகவே கொடுக்க வழியில்லாதவர்கள், 2024 நவம்பர் வெள்ளத்தில் வயல் போனவர்கள், விதவைகள், நோயாளிகள் ஆகியோரின் கடைக் கடனை, அவர்களுடைய சம்மதத்தோடு, இரகசியமாக, ஸகாத்திலிருந்து தீர்த்துவிடலாம். அந்தக் குடும்பம் மறுபடி தலை நிமிர்ந்து கடைக்குப் போகும், கடைக்கும் முதல் திரும்பும். கடைக்காரர் தானே கடனை மன்னித்துவிட்டு அதை ஸகாத்தில் கழிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அறிஞர்களில் பெரும்பாலானோர் கூடாது என்கிறார்கள், சிலர் அனுமதிக்கிறார்கள். உங்கள் ஆலிம்களிடம் கேட்டுச் செய்யுங்கள்.

கடைக்காரர்களுக்குச் சொல்வதாகச் சொன்ன மருந்து: இரண்டு கொப்பி வையுங்கள். ஒன்று உங்கள் லாச்சியில், சின்னது ஒன்று வாடிக்கையாளர் கையில். ஒவ்வொரு முறையும் இரண்டிலும் எழுதுங்கள். சந்தேகமும் சண்டையும் பாதி குறையும். "இதுக்கு மேல எழுதேலா" என்று ஒரு எல்லையும் வையுங்கள், ஆளைப் பார்த்து மாற்றாமல். அந்த எல்லையைக் கேட்டு முகம் சுளிக்கிறவர் பெரும்பாலும் கொடுக்கக்கூடியவராகத்தான் இருப்பார்.

பெற்றோருக்கு, ஆசிரியர் என்ற முறையில்: கடன் சாமானுக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். நாலு பேர் நிற்கும்போது "உம்மா கொப்பியில எழுதட்டாம்" என்று சொல்லும் பிள்ளையின் குரல் எப்படி இறங்கும் என்று கடைக்காரரைக் கேளுங்கள். பழைய பாக்கிக்கு அவர் ஒரு வார்த்தை சொன்னால் அதையும் அந்தப் பிள்ளைதான் சுமந்துகொண்டு வருகிறது. ஏழாம் ஆண்டுப் பிள்ளைக்கு அது தேவையில்லாத பாரம். கடனுக்குப் பெரியவர் போங்கள். காசு கொடுக்கும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

சம்பளக்காரருக்கு நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த மாதச் சம்பளம் விழுந்ததும் முதலில் போக வேண்டிய இடம் தெரியும். முழுதும் முடியாவிட்டால் பாதி. பாதியும் முடியாவிட்டால் போய், இவ்வளவுதான் இப்போது இருக்கிறது, மிச்சம் இன்ன திகதியில் என்று சொல்லிவிட்டு வாருங்கள். சந்தியால் சுற்றிப் போக வேண்டாம். 2021, 2022 காலத்துப் பழைய பாக்கி என்றால், வாங்கிய அன்றைய தொகையைத்தான் அவர் கேட்பார், அதற்கு மேல் கேட்க அவருக்கு உரிமையில்லை. நீங்களாக, அவர் கேட்காமல், முன்கூட்டிப் பேசாமல் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் அது வட்டியல்ல; நபிகளார் கடனைத் திருப்பும்போது வாங்கியதைவிடச் சிறந்ததைக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த பிறகு அவர் பக்கத்தில் கோடு போட்டு வெட்டும் வரை நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கொமன்ட்டில் எந்தக் கடையின் பெயரையும் போட வேண்டாம். யாருடைய பக்கம் என்று ஊகிக்கவும் வேண்டாம். அப்படி எழுதினால் அழித்துவிடுவேன். ஸகாத் குழுவில் உள்ளவர்கள் விரும்பினால் இன்பொக்ஸில் பேசலாம்.